தூர்த்த குளமும் மஞ்சள் கட்டமும்

நம்ம கட்டட டிசைன் சாஃப்ட்வேரோட புது வெர்ஷனைப் போட்டுட்டீங்களா? நம்ம இன்ஜினியர் வட்டத்துப் பிள்ளைங்க போன வாரம் வீட்டுக்கு வந்தாங்க. "மேடம், செய்தி மடலுக்குப் புது வெர்ஷனைப் பத்தி ஒரு கட்டுரை வேணும், கூடவே நாலு டிப்ஸ்"ன்னு கேட்டாங்க. ரிட்டையரானவளுக்கு வேற என்ன வேலைன்னு நினைச்சிருப்பாங்க. சரி, எழுதறேன். ஆனா நாலெல்லாம் கிடையாது, ஒண்ணுதான்.

அஸ்திவாரம் பகுதியைத் திறங்க. முதல் கட்டமே மஞ்சளா மின்னும். கட்டடம் நிக்கிற மண்ணு எவ்வளவு பாரம் தாங்கும்னு அது கேட்குது. பழைய வெர்ஷன்ல அந்தக் கட்டத்துக்குள்ள கம்பெனிக்காரனே ஒரு எண்ணைப் போட்டு வச்சிருப்பான். நாம பார்க்காமலே என்டர் தட்டிட்டுப் போயிடலாம். இப்ப காலியா விட்டா அடுத்த பக்கம் திறக்காது. பெரிய தொல்லைன்னு குரூப்ல ஆளாளுக்குப் புலம்பறீங்க. ஒரு தம்பி, "ஏதாவது ஒரு நம்பரைத் தட்டுங்க பாஸ், வழி விட்டுடும்"னு யோசனை வேற சொல்லியிருக்கார். அந்தத் தம்பி இதை முழுசா படிக்கணும்.

தஞ்சாவூர்ல எங்க ஆபீஸ் ஒரு மாடி அறை. கம்ப்யூட்டர் வந்த புதுசு அது. எங்க முதலாளியை நாங்க சார்னு மட்டும்தான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். நல்ல இன்ஜினியர், நான் அவர்கிட்ட ஜூனியர். நான் தப்பாக் கணக்குப் போட்டா பென்சிலைக் கீழே வச்சுட்டு ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டு இருப்பார். நானே கண்டுபிடிச்சுத் திருத்தறவரைக்கும் வாயைத் திறக்க மாட்டார். அப்படிப்பட்ட மனுஷன்கிட்டதான் அந்த மண்டபம் வந்துச்சு.

கொண்டு வந்தவர் ஆளுங்கட்சியோட ஒன்றியச் செயலாளர். அந்தப் பக்கம் யாரும் அவர் பேரைச் சொல்ல மாட்டாங்க, "ஒன்றியம் வர்றார்"னுதான் சொல்வாங்க. திருவாரூர் ரோட்டை ஒட்டி அவருக்குக் கல்யாண மண்டபம் கட்டணும். நிலம் ஒரு மிராசுதார் குடும்பத்தோடது. அவங்க மெட்ராஸ்ல குடியேறி எத்தனையோ காலம் ஆச்சு. உழுதது, நட்டது, அறுத்தது எல்லாம் குத்தகைக்காரங்க. அவங்கள்ல ஒருத்தர் கோவிந்தராசு. அவரோட அப்பா அதே நிலத்துல பண்ணையாளா இருந்தவர். கொடி பிடிச்சு, அடி வாங்கி, ஜெயிலுக்குப் போய்க் குத்தகைப் பதிவு வாங்கின குடும்பம்.

அந்த நிலத்தை ஒருநாள் சத்தமில்லாம ஒன்றியம் பேருக்கு மாத்திட்டாங்க. தென்மேற்கு ஓரத்துல ஒரு குளம் இருந்துச்சு. அது புறம்போக்கு, விக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. அதுல லாரி லாரியா கிராவலைக் கொட்டி மேடாக்கி, ரோடு ரோலரை விட்டு ஓட்டிட்டாங்க. கோவிந்தராசு கோர்ட்டுக்குப் போனார். அங்க குளம்னு ஒண்ணு இருந்ததே இல்லைன்னு ஒன்றியத்தோட வக்கீல் சாதிச்சார். நான் அந்தப் பக்கத்துக்காரி. எங்க அம்மா அந்தச் சுத்துவட்டாரத்துல நடவுக்குப் போனவங்க. பஸ்ல போகும்போதெல்லாம் அந்தக் குளத்துல அல்லி பூத்துக் கிடக்கிறதைப் பார்த்திருக்கேன்.

ஒன்றியம் எங்க ஆபீஸ்ல உட்கார்ந்து காபி குடிச்சுக்கிட்டே சொன்னது இன்னைக்கும் காதுல இருக்கு.

"டிசைன் எல்லாம் உங்க இஷ்டம் சார். மண் டெஸ்ட் மட்டும் வேணாம்."

"ஏங்க? இவ்வளவு பெரிய மண்டபம் கட்டறீங்க..."

"துளை போட்டா சேறு வரும், நத்தை வரும். நீங்க அதை ரிப்போர்ட்டுன்னு டைப் அடிச்சு கையெழுத்துப் போடுவீங்க. அது நேரா கோர்ட்டுக்குப் போகும். எனக்கு நானே குழி தோண்டிக்கவா?"

சொல்லிட்டு அவரே சிரிச்சார். சார் சிரிக்கல. அந்த ஒன்றியத்துல வர்ற பள்ளிக்கூடக் கட்டடம், தொகுப்பு வீடு எல்லாம் அவர் கையை மீறி யாருக்கும் போகாது. எங்க ஆபீஸ்ல இருந்த எல்லார் வீட்டு அடுப்பும் அதுல எரிஞ்சுது.

சார் பாதிக் கிணறு தாண்டினார். மண்டபத்தை அப்படியே வடக்கே தள்ளி, குளம் இருந்த இடத்தைக் காலியா விட்டு வரைஞ்சார். மண்டபத்துக்கு அடியில நல்ல மண்ணு, பயமில்லை. அதோட முடிஞ்சிருந்தா நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஒன்றியம் வரைபடத்தைப் பார்த்துட்டு, "தண்ணித் தொட்டி எங்க சார்?"ன்னார். பின்னாடி கிணத்துக்கிட்டன்னு சார் காட்டினார். "அது ஆகாது. தொட்டி கன்னிமூலையில வரணும்." கன்னிமூலைன்னா தென்மேற்கு. அங்கதான் குளம். மேடை ஏறினா பகுத்தறிவைத் தவிர வேற பேச மாட்டார், அந்த மனுஷன். தொட்டிக்கு மட்டும் வாஸ்து வேணும்.

நாலு தூண், மேல தொட்டி. சார் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து வரிசையா என்டர் தட்டிக்கிட்டே போனார். மண்ணைக் கேட்ட கட்டம் வந்துச்சு, கம்பெனிக்காரன் போட்ட எண் அதுல இருந்துச்சு. "சார், அது கெட்டி மண்ணுக்குப் போட்ட எண்ணு. அங்க இருக்கிறது போன வருஷம் கொட்டின கிராவல், அதுக்குக் கீழே சேறு"ன்னேன்.

"சின்னத் தொட்டிம்மா."

"தண்ணி நிறைஞ்சா சின்னதில்ல சார்."

"வேற எண் போடணும்னா அது எங்கேருந்து வந்துச்சுன்னு எழுதணும். எதை எழுதறது? குளம்னா?"

என்டர் தட்டினார். எல்லாத் தூணுக்கும் பச்சையில டிக் விழுந்துச்சு. அந்தப் பச்சை டிக்கைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நாம என்ன சொன்னோமோ அதைத்தான் அது நமக்குத் திருப்பிச் சொல்லுச்சு.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. கட்டடம் கட்டறவங்க உங்ககிட்ட ஆயிரம் வேணும்பாங்க, அதையெல்லாம் மெதுவா கேட்டுக்கலாம். எது வேணாம்னு சொல்றாங்களோ அதை அன்னைக்கே உட்கார்ந்து யோசிங்க. நம்ம டெல்டாவுல நிலத்தகராறு இல்லாத மனைக்கட்டு அபூர்வம். தகராறுல இருக்கிறவனுக்குப் பேப்பரைக் கண்டாலே பயம். அந்தப் பயம் நம்ம மெஷினுக்குள்ள எண்ணா வந்து உட்காரும், நாம கவனிக்க மாட்டோம்.

மண்டபம் எழும்பி நின்னுச்சு. அதுக்குள்ள வாய்தா மேல வாய்தா போட்டு கோவிந்தராசுவைக் கோர்ட்டுக்கு அலைய விட்டே ஓய வச்சுட்டாங்க. சேர்ந்து கேஸ் போட்டவங்க ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டு திருப்பூர் பக்கம் வேலைக்குப் போயிட்டாங்க. கடைசியில இவரும் கேஸை வாபஸ் வாங்கினார். பதிலுக்கு மண்டபத்துல வாட்ச்மேன் வேலை, இருக்க ஒரு ரூம். எல்லாம் வாய் வார்த்தைதான். அந்த ரூம் எதுன்னா, தொட்டியைத் தாங்கற நாலு தூணுக்கும் நடுவுல செங்கல் வச்சு அடைச்சது. தன்னோட பழைய நிலத்துலயே தண்ணித் தொட்டிக்கு அடியில பாயை விரிச்சுக்கிட்டு அவரும் அவர் மனைவி பாக்கியமும் குடியிருந்தாங்க.

அடுத்த ஆடிக் கடைசியில ஒன்றியத்துக்கிட்டேருந்து போன் வந்துச்சு. வாட்ச்மேன் ரூம் செவுத்துல விரிசல், ஆவணி முதல் முகூர்த்தத்துல அவர் தங்கச்சி பொண்ணுக்குக் கல்யாணம், மந்திரி வர்றார், யாராவது வந்து பூசி விடுங்கன்னார். சார் மெட்ராஸ் போயிருந்தார். நான் போனேன்.

ஆத்துல தண்ணி வந்து வாய்க்கால் எல்லாம் நிறைஞ்சு ஓடிக்கிட்டு இருந்துச்சு. சுத்தி வயல்ல தண்ணி கட்டியிருந்தாங்க. ஓரமா தேங்கின தண்ணி மேட்டுக்கு அடியில ஊறி ஊறிப் போயிருக்கு. விரிசல் செவுத்தோட ஒரு மூலையிலேருந்து எதிர் மூலைக்குக் கோணலா ஓடியிருந்துச்சு, விரலை விட்டா போகுது. ரூம் கதவு சாத்த வரல, நிலை சாய்ஞ்சிருந்துச்சு. அப்போ எங்களுக்கு உங்க சென்சார் எல்லாம் கிடையாது. மெல்லிசா ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து விரிசலுக்குக் குறுக்கே ரெண்டு பக்கமும் ஒட்டி வைப்போம். கண்ணாடி உடைஞ்சா செவுரு இன்னும் நகருதுன்னு அர்த்தம். ஒட்டிட்டு வந்தேன். மறுநாள் காலையில போய்ப் பார்த்தேன், ரெண்டாப் பிளந்து கிடந்துச்சு.

"அண்ணே, இனிமே இந்த ரூமுல ஒரு பொழுதுகூட இருக்கக் கூடாது. வாங்க, எங்க அம்மா வீடு பக்கத்துலதான் இருக்கு"ன்னேன்.

கோவிந்தராசு மேல தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "விழுந்துடுமாம்மா?"

"விழும்ணே. என்னைக்குன்னு தெரியாது, ஆனா விழும்."

"நான் பாயைச் சுருட்டினா மறுநாள் இங்க வேற பூட்டுத் தொங்கும். எங்கப்பா ஒரு தடவை குடிசையைச் சாத்திட்டு திருக்காட்டுப்பள்ளிக்கு ஒரு சாவுக்குப் போனாரு. திரும்பி வந்து பார்த்தா குடிசை இருந்த இடத்துல ஏர் ஓட்டி வச்சிருந்தாங்க. எனக்கு அது மறக்காதும்மா. நான் இங்க இருக்கணும்."

"செத்துப் போயிடுவீங்கண்ணே."

"இவன் விட்டுட்டுப் போயிட்டான்னு ஒருத்தன் சொல்லிடக் கூடாது. கேஸையும் விட்டேன். இதையும் விடச் சொல்றீங்களா?"

பாக்கியம் கையில இருந்த சோத்துக் குண்டானை டங்குன்னு வச்சாங்க. "நல்லாச் சொல்லுங்கம்மா இந்த மனுஷனுக்கு. நான் சொன்னா எங்க ஏறுது? ரிப்பேருக்குத்தான் வெளியே போறான், திரும்பி வந்தா ரூம் இவனுக்குத்தான்னு ஒன்றியம் ஒரு வரி எழுதிக் கொடுக்கட்டும். இந்த நிமிஷமே இழுத்துக்கிட்டு வந்துடறேன்." கோவிந்தராசு சரின்னு தலையை ஆட்டினார். அவ்வளவுதான் அவர் கேட்டது.

நாலு எட்டுல மண்டபம். அங்க ஒன்றியம் வாழைமரம் கட்டறவங்களை மிரட்டிக்கிட்டு இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "ஒரே ஒரு வரி சார். உங்க லெட்டர்பேடுகூட வேணாம், வெறும் பேப்பர் போதும்."

"அவனுக்கா? எழுதியா?" என்னை மேலயும் கீழயும் பார்த்தார். "ஏம்மா, நீ எந்த ஊரு?"

சொன்னேன்.

"எந்தத் தெரு?"

அதையும் சொன்னேன். அந்தக் கேள்வி எதுக்குன்னு உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவருக்கு வேண்டிய பதில் கிடைச்சாச்சு, முகத்துல தெரிஞ்சுது.

"அதான பார்த்தேன். இவனுங்களுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்ததாலதான் மிராசுதாருங்களுக்கு நிலமே போச்சு. நான் ஏமாந்தவன் இல்ல. பூச வந்தியா, பூசிட்டுப் போ."

"அப்போ தொட்டியில ஒரு சொட்டு தண்ணி ஏத்தக் கூடாது. ஏத்தினா அது உங்க பந்திக்கு நடுவுல வந்து விழும்." வரப்போற மந்திரிக்கே கேட்டிருக்கும், அவ்வளவு சத்தமா சொன்னேன்.

"ஏத்தல. லாரித் தண்ணி வச்சுக்கறேன். போதுமா?"

எனக்குப் போதல. ஆளை நகர்த்த முடியல, பாரத்தையாவது குறைக்கணும். வால்வைத் திறந்து தொட்டியைக் காலி பண்ணினேன். கடைத்தெருவுலேருந்து பிளம்பரைக் கூட்டி வந்து, தொட்டிக்கு ஏறுற குழாயை என் கண் முன்னாடி அறுக்க வச்சேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். மந்திரி பந்தோபஸ்து பிளான்ல இருந்தாங்க, "கல்யாணம் முடியட்டும்மா"ன்னாங்க. மெட்ராஸ்ல இருந்த சாருக்கு டிரங்க் கால் போட்டேன். "நான் பேசறேன்"னார். பேசினாரான்னு நான் கேட்கல, அவரும் சொல்லல.

முகூர்த்தத்தன்னைக்கு லாரி வரல. சமையக்காரங்க தண்ணி இல்லைன்னு கத்தியிருக்காங்க. யாரோ ஒருத்தர், அறுத்த குழாயை ஒரு வளையம் போட்டு ஒட்டி மோட்டாரைத் தட்டி விட்டுட்டார். யாருன்னு இன்னைக்குவரைக்கும் தெரியாது. எல்லாரும் அவசரத்துல இருந்தாங்க. ராத்திரியெல்லாம் மண்டபத்துல காவல் இருந்துட்டு வந்து கோவிந்தராசு ரூமுல படுத்திருக்கார். பாக்கியம் சமையல் கொட்டகையில கத்திரிக்காய் நறுக்கிக்கிட்டு இருந்திருக்காங்க. கெட்டிமேளம் கொட்டற நேரத்துல தொட்டி சாய்ஞ்சுது. வேட்டுப் போடறாங்கன்னு நினைச்சாங்களாம்.

நான் போய்ச் சேரும்போது முதல் பந்தி நடந்துக்கிட்டு இருந்துச்சு. மந்திரி சாப்பிட்டு எழுந்திரிக்கிறவரைக்கும் இடிபாட்டுக்கிட்ட யாரையும் விடல. பந்தலோட பக்கவாட்டுத் துணியை இறக்கி மறைச்சிருந்தாங்க. பாக்கியத்தை ரெண்டு பொம்பளைங்க பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அந்தத் துணிக்கு இந்தப் பக்கம் சாம்பார் வாளி போயிக்கிட்டு இருந்துச்சு.

கோவிந்தராசு செத்த கேஸ் மேஸ்திரி மேல போச்சு. சிமெண்ட் கலவை சரியில்லைன்னு எழுதினாங்க. குளம்ங்கிற வார்த்தை எந்தப் பேப்பர்லயும் வரல. சார் அப்புறம் ரொம்ப நாள் கம்ப்யூட்டர் பக்கமே வரல, எல்லாத்தையும் என்னைப் பார்க்கச் சொல்லிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பார். ஆட்சி மாறிச்சு. ஒன்றியமும் கட்சி மாறினார், அங்கேயும் ஒன்றியம் ஆயிட்டார்.

ஒருநாள் பாக்கியம் எங்க ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்தாங்க. மூச்சு வாங்குச்சு. பையிலேருந்து ஒரு பேப்பரை எடுத்து நீட்டினாங்க. "படிங்கம்மா."

படிச்சேன். தொட்டி இருந்த மூலையில மூணு சென்ட் இடம் பாக்கியம் பேருக்கு. அங்க குளமே இல்லைன்னு சாதிச்சாச்சே, அதனால அதையும் எழுதிக் கொடுக்க முடிஞ்சுது. கீழே ஒன்றியத்தோட கையெழுத்து. நடந்தது விபத்துன்னு இவங்க ஒப்புக்கிட்டதுக்குப் பதிலா எழுதிக் கொடுத்தது.

"இதைத்தானே நீங்க அன்னைக்குப் போய்க் கேட்டீங்க?"

"இதுகூட இல்லம்மா. ஒரு வரிதான் கேட்டேன்."

"அவரு இருக்கும்போது ஒரு வரிக்குக் கை வரல. இப்ப பாருங்க, பேப்பர் பூரா எழுதியிருக்கான், படுபாவி." அழல அவங்க. முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "அங்க ஒரு வீடு கட்டணும். பிளான் போட்டுக் கொடுங்க"ன்னாங்க.

"அந்த மூலையிலயா?"

"வேற எங்க? அவரு விடாத இடம்."

மண் டெஸ்ட் எடுத்தே ஆகணும்னேன். எடுங்கன்னாங்க. கேஸே இல்லை, அதைத் தடுக்க இனிமே யாருக்கும் அவசியமில்லை. ஆளுங்களைக் கூட்டிப் போய்த் துளை போட்டேன். முதல்ல சிவப்பு கிராவல் வந்துச்சு. அப்புறம் கருப்பா சேறு. ஒரு பக்கெட்ல அள்ளிப் போட்டாங்க. நத்தை ஓடு, அழுகின அல்லித் தண்டு எல்லாம் அதுல இருந்துச்சு. குளத்து வாடை அப்படியே அடிச்சுது. கோவிந்தராசு வருஷக்கணக்கா கோர்ட்டு வாசல்ல நின்னு சொன்னது எல்லாம் அந்த பக்கெட்ல கிடந்துச்சு.

பாக்கியம் குனிஞ்சு ஒரு நத்தை ஓட்டை எடுத்து, புடவையில துடைச்சு, உள்ளங்கையில வச்சுப் பார்த்தாங்க.

ஆபீஸ் வந்து அந்தக் கட்டத்துல இருந்த எண்ணை அழிச்சுட்டு ரிப்போர்ட்ல வந்த எண்ணைப் போட்டேன். என் சர்வீஸ்ல நான் போட்டதுலயே சின்ன எண் அதுதான். அஸ்திவாரம் வீட்டைவிடப் பெரிசா வந்துச்சு. சார் எழுந்து வந்து என் பின்னாடி நின்னு பார்த்தார். கட்டி முடிச்சோம், நிக்குது. திருவாரூர் பஸ்ல போனா இடது பக்கம் தெரியும்.

இப்ப உங்களுக்கு அந்தக் கட்டம் மஞ்சளா மின்னுது. அது உங்களை நிறுத்தும், அவ்வளவுதான். எங்கேருந்து எடுத்தேன்னு அது கேட்காது, எந்த எண்ணைப் போட்டாலும் பச்சை டிக் விழும். நம்பர் கையில வர்றவரைக்கும் அந்தக் கட்டத்தைக் காலியாவே விட்டு வைங்க. வேலை நிக்கட்டும். திட்டு விழட்டும். வேணாம்னு சொல்றவங்க எதுக்கு வேணாம்ங்கிறாங்கன்னு போய்க் கேளுங்க. அப்படி நிறுத்த மனசு வராத அன்னைக்கு பாக்கியம் கேட்டதை நினைச்சுக்குங்க.

துளை போட்ட அன்னைக்கு நாங்க கிளம்பும்போது அவங்க அந்த நத்தை ஓட்டை இன்னும் கையில வச்சிருந்தாங்க. வண்டிக்கிட்ட வந்து என் முகத்துக்கு நேரா நீட்டினாங்க.

"ஏம்மா, இதை நான் இப்ப யாருகிட்ட போய்க் காட்டறது?"